துயரத்தை வென்ற பாடகர்!

ராய் ஆர்பிசன், அமெரிக்காவின் புகழ் பெற்ற "ராக்" பாடகர். டெக்சாஸ் மாநிலத்தில் 1936-ம் ஆண்டு பிறந்தார். ஆறு வயதில் தந்தை ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். இசையே அவரது வாழ்க்கை ஆயிற்று.

கறுப்புக் கண்ணாடி அணிந்து, ஆடாமல் அசையாமல் நின்று பாடுவார். 1964-ல் அவர் பாடிய "ஓ, பிரெட்டி உமன்" பாட்டு, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விற்பனையில் முதல் இடம் பிடித்தது.

இடி மேல் இடி

1966-ல் மனைவி கிளாடெட் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார்.

1968-ல் ஆர்பிசன் இங்கிலாந்தில் கச்சேரி செய்து கொண்டிருந்தார். அப்போது அமெரிக்காவில் அவரது வீடு தீப்பற்றியது. மூத்த மகன்கள் இருவர் மாண்டனர். கடைசி மகன் மட்டுமே பிழைத்தான்.

அடுத்த வீட்டில் வசித்த பாடகர் ஜானி கேஷ், அந்த மனையை விலைக்கு வாங்கினார். அங்கு வீடு கட்டவில்லை. பழ மரங்களை நட்டார்!

புகழும் மங்கியது. ஆர்பிசனின் புதுப் பாட்டுகள் விற்கவில்லை. 1978-ல் இருதய ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. 1969-ல் மணந்த இரண்டாம் மனைவி பார்பரா துணை நின்றார்.

மீண்டும் புகழ்

1986-ல் "புளூ வெல்வெட்" என்ற சினிமாவில் அவரது பழைய பாட்டு ஒலித்தது. இளைஞர்கள் அவரைத் தேடினார்கள். 1988-ல் பாப் டிலன், ஜார்ஜ் ஹாரிசன் முதலியோருடன் சேர்ந்து பாடினார். புதிய இசைத்தட்டு ஒன்றும் தயாரானது.

அது வெளிவரும் முன்பே, 1988 டிசம்பர் 6-ந் தேதி, மாரடைப்பால் காலமானார். வயது 52.

1989-ல் வெளிவந்த அந்த இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. வெற்றியைக் காண அவர் இல்லை. ஆனால் இருபது ஆண்டுத் துயரத்திலும் அவர் விடாமல் காத்த குரல், வீடுதோறும் ஒலித்தது!