மேரி இரட்ணம் அம்மையார்: மருந்துக்கு முன்னே அறிவைத் தந்தவர்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் முதல் உறுப்பினர்கள் ஒன்றுகூடிய அந்நாள்களில், கொழும்பில் ஒரு பெண் வைத்தியர் நோயாளரைப் பார்ப்பதோடு நில்லாமல், பெண்களைக் கூட்டிவைத்து அவர்களுடைய உடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர்தாம் வைத்திய கலாநிதி மேரி இரட்ணம் அம்மையார். பெண் கல்விக்காக எழுந்த ஒரு கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர்வது பொருத்தமென எண்ணுகிறோம்.

மேரி ஹெலன் அர்வின் 1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், எலோரா என்ற சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் பெண்ணொருத்தி மருத்துவம் கற்பது எளிதன்று. ஆண்களுக்கான கல்லூரிகள் கதவைத் திறக்காதபடியால் 1883 இல் ரொறன்ரோவில் பெண்களுக்கெனத் தனியே ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கவேண்டியிருந்தது. மேரி அந்நகரிலேயே படித்து வைத்தியரானார். இலங்கையில் பணியாற்ற அமெரிக்க மிஷன் அவரைத் தெரிவுசெய்தது.

இலங்கைக்கு வரும் வழியில் அமெரிக்காவில் அவர் சந்தித்தவர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம். அங்கு உயர்கல்வி கற்றுக்கொண்டிருந்த இலங்கைத் தமிழர் அவர். இருவரும் 1896 இல் மணம் முடித்தனர். தமிழரை மணந்தார் என்பதால் மிஷன் அவரைத் தன் ஊழியத்தில் ஏற்க மறுத்தது. யாருக்குச் சேவை செய்ய அனுப்பினார்களோ, அந்த மக்களில் ஒருவரைக் கணவராக ஏற்றதே குற்றமாயிற்று. அவர் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றி, பின்னர் தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். சேலை உடுத்து, இந்நாட்டவராகவே வாழ்ந்து, 1962 இல் இங்கேயே கண் மூடினார்.

பெண்நோய் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு ஒரு விடயம் விரைவில் விளங்கிவிடும். பாதி நோய் உடலிலிருந்து வருகிறது. மறுபாதி, சொல்லவேண்டியதை உரிய காலத்தில் யாரும் சொல்லாமையால் வருகிறது. இரட்ணம் அம்மையாரும் இதைக் கண்டிருப்பார் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஏனெனில் அவருடைய வாழ்வு மெல்ல மெல்ல நோயாளியின் கட்டிலிலிருந்து வகுப்பறைக்கும் கிராமத்துக்கும் நகர்ந்தது. பாடசாலைகளுக்கெனச் சுகாதாரக் கைநூல் எழுதினார். மனையியல் கற்பிக்கும் ஆசிரியைகளுக்காகவும் எழுதினார். வளரிளம் பெண்களிடையே பாலியல் கல்வி பற்றிக் கலந்துரையாடினார். கருத்தடையைப் பகிரங்கமாக ஆதரித்தார். கொழும்பில் 1937 இல் தொடங்கிய குடும்பத் திட்டமிடல் நிலையம் அவருடைய முயற்சியோடு இணைந்தது. இவை யாவும் கண்டனத்துக்கு உள்ளாயின. அம்மையார் ஓயவில்லை.

அவர் அமைத்த சங்கங்கள் பல. இலங்கைப் பெண்கள் சங்கத்திலும், 1909 இல் தோன்றிய தமிழ்ப் பெண்கள் சங்கத்திலும் முன்னின்று உழைத்தார். 1927 இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் பங்கேற்றார். டொனமூர் ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை கொடுக்கலாம் என்றது. 1931 இல் இருபத்தொரு வயதிலேயே அது கிடைத்தது. ஒன்ராறியோவில் கிராமத்துப் பெண்கள் 1897 இல் தொடங்கிய மாதர் கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு, 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமித்தியை நிறுவினார். ஆரோக்கியம், போசாக்கு, பிள்ளை வளர்ப்பு, கைத்தொழில் என யாவும் கிராமத்துப் பெண்களின் கைக்கே போய்ச் சேர்ந்தன. 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியும் அவரே. சட்ட நுணுக்கமொன்றால் அந்தப் பதவியை விரைவில் இழந்தார், வேலையை நிறுத்தவில்லை. 1958 இல், எண்பத்தைந்தாவது வயதில், பொதுச்சேவைக்கான மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது.

இனி எம்மிடம் வருவோம். எங்கள் சமூகத்தில் பிள்ளை பெரியபிள்ளையானால் அதை ஊரறியச் செய்கிறோம். அழைப்பிதழ் அடித்து, மண்டபம் எடுத்து, வீடியோவும் பிடிக்கிறோம். ஆனால் அவளுக்கு என்ன நடந்தது என்பதை அவளிடம் மட்டும் குசுகுசுவென்றுகூடச் சொல்வதில்லை. துடக்கு என்று மூலையில் இருத்துவோம். கருப்பை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். நாம் படித்த காலத்தில் பல பாடசாலைகளில் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வீட்டில் வாசித்துக்கொள்ளும்படி விடப்பட்டது. இன்றும் வைத்தியசாலைக்கு வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளில், முதல் இரத்தத்தைக் கண்டு தனக்குப் பெரிய வருத்தமென்று நாள்கணக்கில் அழுதவர்களைச் சந்திக்கிறோம்.

அன்று அம்மையார் வற்புறுத்திப் பேசிய விடயங்களை இன்றைய மருத்துவ மொழியில் சொல்வதானால், சில வரிகளே போதும். ஒன்பது முதல் பதினைந்து வயதுக்குள் மாதவிடாய் தொடங்கும். ஆகவே ஒன்பது வயதிலேயே பிள்ளையிடம் பேசிவிடுங்கள். அது நோயுமல்ல, அழுக்குமல்ல. குளிக்கலாம், விளையாடலாம், பாடசாலை போகலாம். அணையாடையை நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுப்பது நல்ல வழக்கம். முட்டையை மட்டும் பச்சையாகக் கொடாமல் அவித்துக் கொடுங்கள். முதலிரு வருடங்கள் ஒழுங்கு தப்புவது இயல்பு. ஆனால் பாடசாலைக்குப் போகமுடியாத வயிற்றுநோ, ஏழு நாளுக்கு மேற்பட்ட போக்கு, மூன்று மாதத்துக்கு மேல் வராமை, பதினைந்து வயதாகியும் பூப்படையாமை ஆகியவற்றுக்கு வைத்தியரைக் காட்டவேண்டும். 2017 முதல் எமது நாட்டில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இலவசமாகப் போடப்படுகிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

கரு எப்படி உருவாகிறது என்பதும், விருப்பமில்லாமல் தன்னைத் தொட எவருக்கும் உரிமையில்லை என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தால் கெட்டுப்போவார்கள் என்ற பயம் பழையது. எமது அனுபவத்தில் ஆபத்தில் வந்து நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றுமே அறியாதவர்கள். அறிந்தவள் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வார்த்தை வைத்திருப்பாள். அறியாதவளுக்கு அதைச் சொல்ல வாயே வராது. இதை மகன்மாருக்கும் சொல்லுங்கள். வகுப்புத் தோழி கூச்சப்பட்டு நிற்கும்போது சிரிக்காதிருக்க அவர்களும் பழகட்டும்.

ஒன்ராறியோவிலிருந்து ஒரு பெண் எங்கள் நாட்டுக்கு வந்தாள். அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின், போர் துரத்த, எம்மில் பலர் இங்கிருந்து அதே ஒன்ராறியோவுக்குப் போனோம். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் எமது சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். இரண்டாம் நூற்றாண்டில் கால்வைக்கும்போது கட்டடத்துக்கும் பரிசளிப்புக்கும் கொடுப்பதோடு, வருடத்துக்கு ஒருநாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகவும் அவர்களின் தாய்மாருக்காகவும் ஒதுக்குவோம். எம்மிடையே வைத்தியர்கள் உள்ளனர், தாதிகள் உள்ளனர், ஆசிரியைகள் உள்ளனர். ஊரிலுள்ள மருத்துவமாதுவும் மனமுவந்து வருவார். ஒரு கரும்பலகையும், கதவைச் சாத்திக்கொண்டு தயங்காமல் கேட்க ஒரு மணித்தியாலமும் போதும். இரட்ணம் அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.