மனுவேல் டி அப்ரேயு

எக்ஸ் கிரணங்களை 1895-ஆம் ஆண்டில் கண்டறிந்த ராண்ட்கன் என்னும் ஜெர்மானிய அறிஞரை அறியாத மாணவர் இலர். அக்கிரணங்களை ஏழையின் மார்பு நோய்க்கும் உதவச் செய்த அப்ரேயுவோ, தம் தாய்நாடாகிய பிரேஸிலிற் புகழ்பெற்ற அளவு பிற தேசங்களில் அறியப்படவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சாவோ பாலோ நகரிற் பிறந்த இவர், ரியோ டி ஜெனிரோவில் வைத்தியக் கல்வி முடித்து, முதல் உலக யுத்த காலத்திற் பாரிஸ் சென்று கிரண சாஸ்திரத்தில் உழைத்தார். காற்று நிறைந்த நுரையீரல் எக்ஸ் கிரணங்களை எளிதிற் செல்லவிடும். நோயால் இறுகிய பகுதியோ அவற்றைத் தடுத்து, ஒளிரும் திரையில் நிழலாகத் தோன்றும். ஆதலின் வைத்தியர் செவிக்கு எட்டாத க்ஷயமும் கண்ணுக்குப் புலனாயிற்று. இதுபற்றி 1921-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு நூலும் எழுதினார். (இவர் கவிதையும் இயற்றியவர் என்பது பலர் அறியாதது.)

1922-இல் தாயகம் மீண்டபோது ரியோவிற் க்ஷயம் மலிந்திருந்தது. இருமலும் இரத்தமும் கண்ட பின்னரே நோயாளிகள் வைத்தியரை நாடினர். அதற்குள் வீட்டார்க்கும் நோய் பற்றிவிடும். நலமுற்றார்போல் நடமாடுவோரையன்றோ சோதித்தல் வேண்டும்! ஆனால் ஒவ்வொருவருக்கும் மார்பளவுப் படம் எடுக்கப் பொருள் எங்கே? திரையை வெறுங்கண்ணாற் பார்ப்பது மலிவே. எனினும் பின்னர் ஒப்பிட்டு நோக்க யாதும் எஞ்சாது. திரையில் தோன்றும் உருவையே சிறு காமிராவாற் படம்பிடித்தால் என்ன என்று அப்ரேயு எண்ணினார். திரையின் ஒளி போதாமையால் முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. அவர் விடவில்லை. 1936-இல், சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் அகலப் படச்சுருளிலேயே மார்பு தெளிவாகப் பதிந்தது. செலவு வெகுவாகக் குறைந்தது. தொழிலாளரும் மாணவரும் வரிசையாக நின்று சோதனை பெற்றனர். 1939-இல் பிரேஸில் வைத்தியர்கள் இம்முறைக்கு அவர் பெயரையே இட்டு, அப்ரேயுகிராபியா என வழங்கலாயினர்.

நோயைக் கண்டும் தீர்க்க மருந்தில்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைஸின் 1943-இலேதான் கிடைத்தது. இந்தியாவில் 1955 முதல் 1958 வரை நடந்த க்ஷயரோகக் கணக்கெடுப்பிலும் இத்தகைய சிறு படங்களே பயன்பட்டன. நகரத்துக்கே உரியதெனக் கருதப்பட்ட நோய் கிராமங்களிலும் ஏறக்குறைய அவ்வளவே பரவியிருந்தது அப்போது வெளிப்பட்டது.

பிறர் நுரையீரலை ஆயுள் முழுதும் ஆராய்ந்த அப்ரேயு, 1962 ஜனவரி 30-ஆம் நாள் நுரையீரற் புற்றுநோயால் ரியோவிற் காலமானார். கபச் சோதனையே மலிவும் உறுதியும் உடையதெனக் கொண்டு, உலக சுகாதார ஸ்தாபனம் 1974-இல் ஊரனைத்துக்கும் படமெடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு கூறிற்று. அதே ஸ்தாபனம் 2021-இல், அறிகுறியற்ற க்ஷயத்தைத் தேட மார்புப் படத்தையும், அதனைக் கம்ப்யூட்டர் கொண்டு ஆராய்வதையும் பரிந்துரைத்தது.