இசபெல்லா பேர்ட் அம்மையாரின் மலைச்சவாரி

எடின்பரோ நகரிலே முள்ளந்தண்டு நோயினால் வருந்திப் பல நாள்களைப் படுக்கையிலேயே கழித்த ஒரு பெண்மணி, 1873ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், கொலராடோவின் மலையடிவாரக் கற்பாதைகளிலே தன்னந்தனியே குதிரையேறிச் சென்றார். இரண்டு பேரும் ஒருவரே என்பதை அவரை மருத்துவஞ் செய்தவர்களே நம்பியிருப்பார்களோ தெரியாது. அவர்தாம் இசபெல்லா பேர்ட்.

1831இல் இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர் அவர். ஐந்தடி உயரமும் இல்லாத சிறிய உருவினர். இளமையிலேயே நோய் பற்றிக்கொண்டது. 1850இல் முள்ளந்தண்டின் அருகே இருந்த கட்டியொன்றைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றினர். எனினும் வலி தீர்ந்தபாடில்லை. கடற்பயணஞ் செய்யுமாறு வைத்தியர் கூறவே, 1854இல் அமெரிக்கா சென்று, அதைப்பற்றி ஒரு நூலும் எழுதினார். வீடு திரும்பியதும் நோயும் திரும்பியது. இவ்வாறே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன.

1872இல் அவுஸ்திரேலியா சென்றார். அந்நாடு அவர் மனத்திற்கு ஒவ்வவில்லை. அங்கிருந்து திரும்பும் வழியில், 1873இன் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளில் இறங்கினார். அவருடைய வாழ்க்கையின் திருப்பம் இவ்விடத்திலேதான் நிகழ்ந்தது எனலாம்.

அக்காலத்து ஆங்கிலப் பெண்கள் இரு கால்களையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டே சவாரி செய்தல் வேண்டும். இடுப்பு ஒருபுறமிருக்க, முகமும் தோளும் முன்னோக்கித் திரும்ப வேண்டும். நல்ல உடம்பையே முறுக்கும் இருக்கை அது. நோயுற்ற முதுகுக்கு அது தண்டனையன்றி வேறன்று. மலைச்சரிவிலோ ஆபத்தும் உண்டு: பாரம் ஒருபுறமாகச் சாய்வதால், குதிரை இறங்குமிடத்திற் சேணம் புரளவுங்கூடும். ஹவாய்ப் பெண்களோ ஆடவரைப்போலவே இருபுறமும் கால் பரப்பி அமர்ந்து செல்வர். தயக்கத்தோடுதான் இசபெல்லாவும் அவ்வாறு அமர்ந்து பார்த்தார். வலி குறைந்தது! சில மாதங்களுக்குள் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகளைக் கடந்து மவுனா லோவா மலையுச்சிவரை சென்று வந்தார்.

அந்த ஆண்டின் பிற்பகுதியிலே றொக்கி மலைத்தொடரின் அடிவாரத்தை அடைந்தார். அங்கே அவருக்கு வாய்த்தது செம்பழுப்பு நிறமுடைய ஒரு மட்டக்குதிரை. 'பேர்டி' என்பது அதன் பெயர். மலைப்பாதையின் இரகசியத்தை இத்தகைய குதிரைகளே அறியும். செங்குத்தான இறக்கத்திலே கடிவாளத்தைத் தளர்த்தி, உடலைச் சற்றுப் பின்சாய்த்து, எந்தக் கல் உருளும், எது தாங்கும் என்ற தீர்ப்பைக் குதிரையிடமே விட்டுவிட வேண்டும். பனிக்காலம் நெருங்கினால் துன்பம் வேறு: குளம்பினுள்ளே பனி உருண்டு இறுகிவிடும், இறங்கி அதை அகற்றாவிடில் அடி வழுக்கும். இவ்வாறு கொலராடோ ஸ்பிறிங்ஸ், யூற் கணவாய் முதலிய இடங்களையெல்லாம் அவர் தனியே கடந்தார். அம்மலைநாட்டில் அவர் சவாரி செய்த தூரம் ஏறத்தாழ 800 மைல்.

அங்கே அவருக்கு அறிமுகமானவர் ஜிம் நியூஜென்ற் என்னும் வேட்டைக்காரர். கரடி தாக்கியதால் ஒரு கண்ணை இழந்தவர். குடியிலும் சண்டையிலும் பேர்பெற்றவர். ஆயினும் கல்வியும் கவிதையும் அறிந்தவர். 14,259 அடி உயரமான லோங்ஸ் சிகரத்திற்கு வழிகாட்டியவர் அவரே. பாறைக் குவியல்களைக் கண்டதும் குதிரைகளை நிறுத்தவேண்டியதாயிற்று. அதற்குமேல் இசபெல்லாவைக் கயிறு கட்டி இழுத்தே ஏற்றினார். தம் வீரத்தைப் பெரிதுபடுத்தாது இதை அம்மையார் உள்ளவாறே எழுதியிருப்பது, என் கருத்தில், அந்த நூலின் சிறப்புகளில் ஒன்று. அவ்விருவரிடையே அன்பு அரும்பிற்று. ஆயினும் அவர் வாழ்ந்த வாழ்வுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்க இசபெல்லா துணியவில்லை. ஆண்டிறுதியில் விடைபெற்றார். 1874இல் ஜிம் அயலவர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார்.

மலையில் இத்துணைத் துணிவு காட்டியவர், கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகரை அணுகியபோது நீண்ட பாவாடையை அணிந்து, ஒருபக்கமாகத் திரும்பி அமர்ந்தே உள்ளே நுழைந்தார்! பாறைக்கு அஞ்சாதவர் ஊர்வாய்க்கு அஞ்சினார். அந்த அச்சம் வீணன்று. தங்கைக்கு எழுதிய கடிதங்கள் 1879இல் நூலாக வெளிவந்தபோது, அவர் ஆணுடை தரித்தாரென்று இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில் எழுதிவிட்டனர். அவர் கொதித்தெழுந்தார். கணுக்கால்வரை நீண்ட பாவாடையும், உள்ளே அகன்ற துருக்கியக் காற்சட்டையுமே தம் உடையென்று அடுத்த பதிப்பிலே விளக்கம் சேர்த்தார்.

1880இல் தங்கை ஹென்றியேற்றாவையும், 1886இல் கணவர் வைத்தியர் பிஷப்பையும் இழந்தார். பின்னர் காஷ்மீரம், பாரசீகம், கொரியா, சீனா என்று பயணங்கள் தொடர்ந்தன. 1892இல் அரச புவியியற் கழகம் அவரை அங்கத்தவராக ஏற்றது. பெண்களுக்குக் கதவு திறந்தது அதுவே முதன்முறை. மறு ஆண்டே அக்கதவை அடைத்து, 1913வரை வேறு பெண்களைச் சேர்க்காதிருந்தனர் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

1901இல், எழுபதை எட்டும் வயதில், மொறோக்கோவிலே பெரிய கருங்குதிரையொன்றில் அவர் சவாரி செய்தார். அதன் உயரத்திற்கு அவரால் ஏற இயலாமையால், ஏணியொன்றும் உடன் சென்றது. 1904 ஒக்டோபர் 7ஆம் நாள் எடின்பரோவில் அவர் காலமானபோது, சீனப் பயணத்திற்குக் கட்டிவைத்த பெட்டிகள் அவிழ்க்கப்படாமலே இருந்தன.