சொன்ன சொல் தவறாத ஸ்வார்ட்ஸ் ஐயர்

வாக்குக் கொடுத்தவன் தனக்கு நஷ்டம் வந்தாலும் மாறமாட்டான் என்று பைபிளில் 15-ஆம் சங்கீதத்தில் வருகிறது. படிக்க ஈஸி, நடக்கத்தான் கஷ்டம்! அப்படி நடந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஸ்வார்ட்ஸ் ஐயர் ஜெர்மன்காரர். 1726-இல் பிறந்தவர். 1750-இல் தரங்கம்பாடி வந்தவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. 1778-இல் நம்ம பாளையங்கோட்டைக்கும் வந்திருக்கிறார்.

1779-இல் ஹைதர் அலி, பேச்சுவார்த்தைக்கு இவரைத்தான் அனுப்பச் சொன்னாராம். ஆனாலும் மறுவருஷம் சண்டை வந்தது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் கடும் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. அரசாங்கம் கேட்டும் விவசாயிகள் தரவில்லை. ஏன் தெரியுமா? முன்பு வாங்கியதற்குக் காசு தராமல் ஏமாற்றியிருந்தார்கள். (அவங்க மேல தப்பே இல்லைன்னுதான் எனக்குத் தோணுது.) கடைசியில், பணத்துக்குத் தானே பொறுப்பு என்று ஐயர் கடிதம் எழுதினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்துவிட்டன! 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. பணத்தையும் சரியாகக் கொடுத்துவிட்டார்.

1787-இல் சாகும் நேரத்தில் துளஜா ராஜா, தத்துப்பிள்ளை சரபோஜியை ஐயரிடம் ஒப்படைக்க நினைத்தார். தம்பி அமர்சிங் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் ஐயர். அது சரிப்படவில்லை, பையனை அடைத்து வைத்துவிட்டார்கள். ஐயர் சும்மா இருக்கவில்லை. போராடி, 1793-இல் அவன் சென்னைக்குப் போய்ப் படிக்க வழிசெய்தார்.

1798 பிப்ரவரியில் ஐயர் இறந்தார். அதே வருஷம்தான் சரபோஜி ராஜா ஆனார். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் உள்ள சர்ச்சில் அவர் வைத்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையைப் பிடித்தபடி சரபோஜி நிற்கிறார்.