கணையத்தின் வேலையைக் கண்டுசொன்னவர்

செஞ்சிக்கோட்டை 1750-லிருந்து 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது நம் ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். கோட்டையைப் பிடித்த புஸ்ஸியின் பெயர்கூடத் தெரியும். அதே நாட்டில் பிறந்த டாக்டர் கிளாட் பெர்னார் பெயர்தான் நம்மவர்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எனக்கோ லேப் கருவிகளோடு மாரடிக்கிற பிழைப்பு. மலருக்கு எழுதச் சொன்னதும் இவர் ஞாபகம்தான் வந்தது.

1813-ல் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தார். லியோன் நகரத்து மருந்துக்கடையில் எடுபிடி. மருந்து கலக்கிக்கொண்டே நாடகம் எழுதினார். அதைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் போனவரை, படித்துப் பார்த்த விமர்சகர் ஒருவர் டாக்டர் படிப்புப் பக்கம் திருப்பிவிட்டார். நல்ல காரியம் செய்தார், போங்கள்!

1846 வாக்கில் சந்தையிலிருந்து சில முயல்கள் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. இலைதழை தின்கிற முயலின் சிறுநீர் கலங்கலாக இருக்கணும். இவற்றுக்கோ கறி தின்கிற மிருகம் மாதிரி தெளிவாக இருந்தது. பட்டினியில் தன் சதையையே கரைத்துப் பிழைக்கின்றன என்று ஊகித்தார். சரிபார்க்க முயலுக்கு வேகவைத்த மாட்டுக்கறியே கொடுத்தார்! பிறகு அறுத்துப் பார்த்தபோது தேடாத ஒன்று கண்ணில் பட்டது. குடலிலிருந்து கொழுப்பை எடுத்துப்போகும் நுண்குழாய்கள் பால்போல வெளுத்திருந்தன. நாய்க்கு இரைப்பையைத் தாண்டியதுமே வெளுக்கும். முயலுக்கோ சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் வெளுத்தது. முயலின் கணையக் குழாய் குடலில் சேருகிற இடமும் அதுதான். ஆக, கொழுப்பைச் செரிக்க வைப்பது கணைய நீர். செரிமானம் என்றாலே இரைப்பைதான் என்றிருந்த காலம் அது.

கணையம் படுத்தால் கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போகும். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கும், ஆள் இளைப்பார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கணையத்தில் கல் சேர்ந்து இப்படி அவதிப்படுகிறவர்கள் உண்டு. முன்பெல்லாம் வாய்வழியாகக் குடல்வரை டியூப் விடணும், இல்லையென்றால் மூன்று நாள் மலத்தைச் சேர்த்துக் கொழுப்பை அளக்கணும். இன்று துளி மலம் போதும். கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற என்சைம் குடலில் அழியாமல் வெளிவருகிறது. அதை எலிசா ரீடர் நிறத்தை வைத்து அளந்துவிடும். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் தேவலை. 100-க்குக் கீழே போனால் கணையம் ரொம்பவே தளர்ந்துவிட்டது. ஆனால் வயிற்றுப்போக்கு சமயத்தில் மலம் நீர்த்துப்போய்க் கணக்குக் குறைத்துக் காட்டும். லேசான குறையைக் கோட்டையும் விடும்.

ஊசிகூடக் குத்தாத இந்த டெஸ்டுக்கு அடிப்படை போட்டவர் உயிரோடு மிருகங்களை அறுத்தவர். மயக்கமருந்து அப்போதுதான் எட்டிப்பார்த்த காலம் என்றாலும், அதை நியாயப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. அவர் மனைவிக்கும் வரவில்லை. அந்த அம்மா கொண்டுவந்த சீதனத்தில்தான் ஆராய்ச்சியே ஓடியது. அவரும் இரண்டு மகள்களும் மிருகவதையை எதிர்த்துப் பிரிந்தே போனார்கள்.

1878 பிப்ரவரி 10-ல் பெர்னார் காலமானார். அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பிரான்சில் விஞ்ஞானி ஒருவருக்கு அது முதல் தடவை.