விறைப்பு ஊசிக்குப் பின்னால் ஒரு மனிதர்

போன வருடம் எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஊசியைப் பல்லுக்குப் பக்கத்தில் போடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பல் வைத்தியரோ வாயை அகலத் திறக்கச் சொல்லி, தாடையின் உட்பக்கத்தில், தொண்டைக்குக் கிட்டவாக ஊசியை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் கீழுதட்டின் ஒரு பாதி என்னுடையதே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. குத்தியது ஓரிடம், விறைத்தது வேறிடம். வீட்டுக்கு வந்து காரணம் தேடியபோதுதான் வில்லியம் ஸ்டுவர்ட் ஹால்ஸ்டட் என்ற பெயரில் போய் நின்றேன்.

கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில் ஒரு சிறு துவாரம் இருக்கிறது. கீழ்ப் பற்களுக்கான நரம்பு அதற்குள் நுழைந்து, எலும்புக்குள்ளாலேயே ஓடுகிறது. அதன் ஒரு கிளை நாடிக்குப் பக்கத்தில் வெளியே வந்து உதட்டுக்குப் போகிறது. நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே அதை மறித்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கீழ்ப் பற்கள் எல்லாம் விறைத்துப்போகும். உதடு விறைத்துவிட்டதா என்று வைத்தியர் கேட்பது இதனால்தான். 1884இல் நியூயோர்க்கில் இதைச் செய்து காட்டியவர்கள் ஹால்ஸ்டட்டும் அவருடைய சகா ரிச்சர்ட் ஹோலும்.

ஹால்ஸ்டட் 1852இல் நியூயோர்க்கின் வசதியான வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர். யேலில் படித்த காலத்தில் விளையாட்டில்தான் பெயரெடுத்தார். 1877இல் வைத்தியராகி, பிறகு வியன்னாவுக்குப் போய் உடற்கூற்றியலை ஊன்றிக் கற்றார். அந்தப் படிப்புத்தான் பின்னால் கைகொடுத்தது.

1884 செப்டெம்பரில் கண்ணில் கொக்கெய்ன் கரைசலை விட்டால் கண் விறைக்கும் என்ற கார்ல் கொல்லரின் கண்டுபிடிப்பு ஹைடல்பேர்க் மாநாடொன்றில் அறிவிக்கப்பட்டது. கொல்லருக்கு வழிச்செலவுக்குப் பணமில்லை. கட்டுரையை வேறொருவர்தான் அங்கே வாசித்தார். செய்தி நியூயோர்க்குக்கு எட்டியதும் ஹால்ஸ்டட் ஒரு படி மேலே யோசித்தார். கண்ணின் மேற்பரப்பை விறைக்க வைக்கும் மருந்தை நரம்பின் தண்டிலேயே செலுத்தினால் என்ன?

கையையே எடுத்துக்கொள்வோம். முள்ளந்தண்டிலிருந்து கழுத்தின் கீழ்ப்பகுதியில் வெளிவரும் ஐந்து நரம்பு வேர்கள் இரண்டு தசைகளுக்கு நடுவால் இறங்கி, காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து, கமக்கட்டு வழியாகக் கைக்குப் போகின்றன. விரல் நுனியின் நோவுகூட இந்தப் பாதையால்தான் மேலே போயாக வேண்டும். ஹால்ஸ்டட் கழுத்தில் இந்த நரம்புகளைத் திறந்து, கண்ணால் பார்த்து, அவற்றில் கொக்கெய்னைச் செலுத்தினார். இன்று அதே இடத்தை ஸ்கேன் திரையில் பார்த்தபடி, தோலை வெட்டாமலே ஊசியால் அடைகிறார்கள். நோயாளி விழித்திருக்க, கையில் சத்திரசிகிச்சை நடக்கிறது.

ஆனால் ஊசி முதலில் போடப்பட்டது நோயாளிகளுக்கு அல்ல. ஹால்ஸ்டட், ஹோல், சக வைத்தியர்கள், மாணவர்கள் எல்லோரும் தங்கள் உடம்பிலேயே, ஒருவருக்கொருவர் போட்டுப் பார்த்தார்கள். கொக்கெய்ன் அப்போது ஆபத்தான பொருளாக அறியப்படவில்லை. சில மாதங்களுக்குள் பலர் அதற்கு அடிமையானார்கள். 1885இல் இதைப் பற்றி ஹால்ஸ்டட் எழுதிய கட்டுரையின் தொடக்கம், எங்கே போகிறதென்று தெரியாமல் நீண்டுகொண்டே போகும் ஒரு வாக்கியம். எழுதியவரின் நிலை அதிலேயே தெரிகிறது.

நண்பர் வில்லியம் வெல்ச் அவரைப் பாய்க்கப்பலில் கடலுக்குக் கூட்டிப்போய் மீட்கப் பார்த்தார். சரிவரவில்லை. 1886இல் றோட் ஐலண்டிலுள்ள மனநல வைத்தியசாலையொன்றில் மாதக்கணக்கில் தங்கினார். அங்கிருந்து வெளியேறியபோது மோர்பின் பழக்கமும் சேர்ந்திருந்தது. வெல்ச் அவரைக் கைவிடவில்லை. பல்டிமோரில் தன் ஆய்வுகூடத்தில் இடம் கொடுத்தார். அங்கே புதிதாகத் தொடங்கிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹால்ஸ்டட் சத்திரசிகிச்சைப் பேராசிரியரானார்.

அதற்குப் பிறகு செய்தவைதான் அவரைப் பாடப்புத்தகங்களில் ஏற்றின. இழையங்களை நோகடிக்காமல், இரத்தத்தை வீணாக்காமல் நிதானமாக வெட்டும் முறை, இளம் சத்திரசிகிச்சையாளர்களை வைத்தியசாலையிலேயே வருடக்கணக்கில் பயிற்றும் ஒழுங்கு. இறப்பர் கையுறையும் அப்படித்தான் வந்தது. கிருமிநீக்கி பட்டுத் தாதி கரோலைன் ஹாம்ப்டனின் கைத்தோல் புண்ணானபோது அவருக்காகச் செய்விக்கப்பட்டது அது. 1890இல் இருவரும் மணம் முடித்தார்கள்.

பழக்கத்தை விட்டுவிட்டார் என்றுதான் பலர் நம்பியிருந்தார்கள். சக பேராசிரியர் ஒஸ்லர் எழுதிப் பூட்டிவைத்த குறிப்பு 1969இல் திறக்கப்பட்டபோதுதான், பேராசிரியரான பின்னரும் மோர்பின் தொடர்ந்தது வெளியே வந்தது. இந்த இடத்தில் எனக்கு என் தொழில்தான் ஞாபகத்துக்கு வந்தது. போதைப்பொருளோடு பிடிபட்டவர்களைப் பற்றி நானும் வயதையும் ஊரையும் மட்டும் போட்டு நாலு வரிச் செய்தி எழுதியிருக்கிறேன். அவர் என்ன தொழில் செய்தார், பக்கத்தில் யார் நின்றார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஹால்ஸ்டட்டுக்கு ஒரு வெல்ச் இருந்தார், பணமும் இருந்தது. ஹோலும் நியூயோர்க்கை விட்டுக் கலிபோர்னியாவுக்குப் போய், 1897இல் இறந்துபோனார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1922இல் அமெரிக்கப் பல் வைத்தியர்களின் சங்கம் நரம்பு விறைப்புக்காக ஹால்ஸ்டட்டைப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. அந்தக் கண்டுபிடிப்பு நடந்து ஏறக்குறைய நாற்பது வருடங்கள் கழிந்திருந்தன. அதே வருடம் செப்டெம்பரில், பித்தக்கல்லுக்கான சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்தார். அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்தவர்கள் அவரிடம் பயின்றவர்கள்.