அச்சேறிய தமிழும் அன்றீக்கே அடிகளாரும்

போர்த்துகல் நாட்டின் விலா விசோசாவில் 1520இல் பிறந்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார், யூத மரபினர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையினின்று விலக்கப்பட்டவர். இயேசு சபை அவரை ஏற்றது. 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்து, தமிழை ஊன்றிக் கற்றார். போர்த்துகீசியர்க்கெனத் தமிழிலக்கணமும் வரைந்தார்.

1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அவர் அச்சேற்றிய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே உடையது. ஆயினும் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. ஓலை மரபையொட்டி மெய்யெழுத்துகள் புள்ளியின்றியே வார்க்கப்பட்டன. இடமறிந்து படிப்பது படிப்போர் பொறுப்பு. அச்சுச் செலவுக்குப் பொருள் ஈந்தோர் அரசரோ வள்ளல்களோ அல்லர். மூச்சடக்கிக் கடலில் மூழ்கிய பரதவரே. தமிழ்ப் பதிப்பு வரலாறு இதனை உரக்கச் சொல்வதில்லை.

1579இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586இன் 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களையும் கடந்தது. 1600இல் புன்னைக்காயலில் மறைந்த அடிகளார் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றார்.